‘கூளமாதாரி’யில் விளையாட்டும் பண்ணையக் காலமும்

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்கு நாட்டு மேட்டுநில வாழ்வை எழுதிய வட்டார நாவலாக அறியப்படுவது. கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கூளையன். நெடும்பன், வவுறி, செவுடி முதலியோர் அவன் கூட்டாளிகள். (உடற்கூறே இவர்களுக்குப் பெயராகிவிட்டது, தலைப்பிலோ சாதியும் சேர்ந்துகொள்கிறது.) மேய்ச்சல் காட்டில் இவர்கள் ஆடிக்களிக்கும் பகுதிகள் நாவலில் மிகுதி. அவற்றைக் குழந்தைமையின் கொண்டாட்டமாக மட்டும் வாசிப்பது போதாது.

இவர்கள் விளையாடும்போதும் ஒரு கண் ஆட்டின் மேலேயே இருக்கிறது. ஆடு வெள்ளாமையில் வாய்வைத்தால் அடி விழும். விளையாடிய நேரத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். பகலில் மேய்ச்சல், இரவில் பட்டிக்காவல் என நாள் முழுவதும் பண்ணையக்காரருக்கே உரியது. கூலி ஆண்டுக் கணக்கில் பேசப்படுவதால் பருவங்களும் அவருடையவையே. ஆகவே இச்சிறுவர்களின் விளையாட்டு, பிறருக்கு உரிமையான காலத்திலிருந்து திருடிக்கொண்டதாகிறது.

பண்ணையக்காரரின் மகன் செல்வன் ஏறத்தாழக் கூளையனின் வயதினன், பள்ளிக்குச் செல்பவன். கூளையனோடு அவன் திரியும்போது அதே விளையாட்டு அவனுக்கு இயல்பான உரிமையாகிறது. இருவருக்குமிடையே உள்ள நெருக்கத்தை நாவல் பொய்யென்று காட்டவில்லை என்பது முக்கியம். அந்நெருக்கத்தின் ஊடாகவே அதிகாரம் செயல்படுகிறது. ஆணையும் அழைப்பும் ஒரே குரலில் வருகின்றன. இறுதிக் கிணற்றுக் காட்சியை விபத்தென்றோ பழிவாங்கலென்றோ சுருக்கிவிட முடியாதிருப்பது இதனால்தான்.