வரிசையில் நான்காவது

மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலையைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ‘மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை’ என்று தலைப்பிட்டுச் சேமிக்கிறார். பக்கத்துக்கான இணைய முகவரியைத் தலைப்பிலிருந்து மென்பொருளே உருவாக்கித் தரும். வந்து நிற்பது ‘மூங்கில்துறைப்பட்டு-சர்’. சர்க்கரையும் போயிற்று, ஆலையும் போயிற்று. ஊருக்கு ஒரு ‘சர்’ பட்டம் மட்டும் மிச்சம்.

காரணம் எளிய கணக்கு. முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ்ஸின் தரவுத்தளத்தில் 200 இடங்கள்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக உருமாறி ஒன்பது இடங்களைப் பிடிக்கும். ‘மூ’ என்ற ஓர் எழுத்தில் மகரத்துக்கு ஒன்பது, அதன் சுழிக்கு ஒன்பது. பத்தெழுத்து ஊர்ப்பெயர் இப்படி 171 இடங்களை விழுங்கிவிடுகிறது. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுத 18 இடம் போதும்.

தேடலிலும் இந்தக் கதைதான். வேர்ட்பிரஸ்ஸின் உள்ளமைந்த தேடல், கேட்ட எழுத்துத் தொடர் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘கரும்பு’ என்று தேடினால் ‘கரும்புக்கு’ கிடைக்கும். ‘கரும்பில்’, ‘கரும்பை’, ‘கரும்பின்’ மூன்றும் நழுவிவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் வேற்றுமை உருபு சேர்ந்தால் ஈற்று உகரம் கெடும் என்பது பள்ளிக்கூடத்து இலக்கணம். அது இந்தத் தேடலுக்குத் தெரியாது.

இவை உயிர் போகிற குறைகள் அல்ல. முகவரியைக் கையால் திருத்திக்கொள்ளலாம். தேடலுக்குத் தனிப் பிளகின் (கூடுதல் வசதி தரும் சொருகி) போடலாம். ஆனால் 2003 மே மாதம் பிறந்து, இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவற்றை இயக்கும் ஒரு திறமூல மென்பொருளில், இத்தகைய குறைகள் ஏன் திட்டத்தின் முன்வரிசைக்கு வருவதில்லை? விடை தேட, அந்தத் திட்டம் தீட்டப்படும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயிக்கு வரிசை புதிதல்ல. நட்ட கரும்பை ஆலையில் பதிவு செய்கிறார். நட்ட தேதியை ஒட்டி வெட்டு உத்தரவு வர வேண்டும். தாமதமானால் கரும்பு காயும், எடை குறையும், சண்டை வரும். அந்தச் சண்டைக்கு ஒரு பிடி இருக்கிறது: நட்ட தேதி. ‘எனக்குப் பின்னால் நட்டவருக்கு எப்படி முன்னால் கிடைத்தது?’ என்று கேட்க முடியும். மென்பொருள் திட்டத்தை எடைபோடவும் இந்தக் கேள்வியே போதும்.

வேர்ட்பிரஸ்ஸின் வருங்காலத் திட்டம் நான்கு கட்டங்களைக் கொண்டது: எளிய எழுத்துப் பணி, தளம் முழுவதையும் வடிவமைத்தல், பலர் கூடி எழுதுதல், பன்மொழி. முதல் கட்டமான ‘குட்டன்பர்க்’ தொகுப்பி 2018 டிசம்பர் 6-ஆம் தேதி 5.0 பதிப்போடு வந்தது. இரண்டாம் கட்டம் 2022 ஜனவரியில் 5.9 பதிப்பில் வடிவம் பெற்றது. மூன்றாம் கட்டப் பணி 2023-இல் தொடங்கியது. 2025 டிசம்பரில் வந்த 6.9 பதிப்பில்தான், எழுதும் பக்கத்திலேயே ஒருவருக்கொருவர் குறிப்பு வைக்கும் வசதி கிடைத்தது. நான்காவது கட்டம் இன்னும் வரிசையில் நிற்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் திட்டம் ஒளிவு மறைவில்லாதது. வணிக நிறுவனம் ஒன்று அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது பெரும்பாலும் அதன் வாடிக்கையாளருக்குத் தெரியாது. இங்கே யாரும் பார்க்கலாம். புதிய வசதியை முதலில் பிளகினாக வெளியிட்டு, பழகிப் பார்த்த பிறகே மைய மென்பொருளில் சேர்க்கும் வழக்கம் 2013 முதல் இருக்கிறது. குட்டன்பர்க்கும் 2017-இல் பிளகினாகத்தான் வந்தது. மையத்தை ஒல்லியாக வைத்திருப்பது இன்னொரு நல்ல கொள்கை. பயனர்களில் 80 விழுக்காட்டினராவது விரும்பிப் பயன்படுத்தும் வசதியே மையத்துக்குள் வர வேண்டும் என்று வேர்ட்பிரஸ் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. பழைய தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்ற கவனமும் உண்டு. சின்னப் பத்திரிகை நடத்துபவர் பத்தாண்டுக்கு முன் போட்ட பதிவு இன்றும் திறக்கிறது என்றால் இந்தக் கவனமே காரணம்.

குறைகளும் இதே நிறைகளுக்குள்தான் இருக்கின்றன. 80 விழுக்காடு என்றால் யாரில் 80? ஆங்கிலமல்லாத மொழிகளில் வேர்ட்பிரஸ்ஸைத் தரவிறக்கியவர்கள் 2014-லேயே ஆங்கிலத்தைத் தாண்டிவிட்டார்கள். தமிழுக்கே இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர்களால் தனித்தனியே நடக்கின்றன. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தளம் வைத்திருப்பதும், ஒரே தளத்தில் இரண்டு மொழி வைத்திருப்பதும் வேறு வேறு தேவைகள் என்பது சரி. ஆனால் தமிழ்நாட்டில் மாவட்ட நிர்வாகத்தின் தளமே தமிழும் ஆங்கிலமுமாகத்தான் இருக்கும். இங்கே இருமொழித் தளம்தான் வழக்கம்.

‘பிளகின் இருக்கிறதே’ என்ற பதிலும் முழுப் பதில் அல்ல. பன்மொழிப் பிளகின்களில் பாலிலாங் ஒரு விதமாகவும் டபிள்யூபிஎம்எல் இன்னொரு விதமாகவும் மொழித் தொடர்புகளைச் சேமிக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது வீடு மாறுவது போலல்ல; சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோவது போல. பிளகின் தரும் ஆறுதல், மையத்தில் அந்த வேலையைத் தள்ளிப்போடவும் சாக்காகிவிடுகிறது.

மூன்றாவது குறை, வரிசையின் விதி எழுதப்படாமல் இருப்பது. 5.0 பதிப்பின் வெளியீட்டுத் தேதி நவம்பர் 19-இலிருந்து 27-க்கு நகர்ந்து, பின் டிசம்பர் 6-இல் நின்றது. அதற்கு முன்பே, அக்டோபரில், அணுகல் குழுவை வழிநடத்திய ரியன் ரீட்வெல்ட் விலகினார். பார்வைக் குறையுள்ளோருக்கும் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போருக்கும் புதிய தொகுப்பி தயாராகவில்லை என்பது அவர் தரப்பு. அணுகல் குறித்த வெளியார் தணிக்கை அறிக்கை வந்தது 2019 மே மாதம், வெளியீடு முடிந்து ஐந்து மாதம் கழித்து. விவாதம் திறந்த வெளியில்தான் நடந்தது. தீர்ப்பு மட்டும் ஓரிடத்திலிருந்து வந்தது.

அந்த ஓரிடம் எவ்வளவு நொய்மையானது என்பதை 2025 காட்டியது. வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இணையத்தில் இடம் தரும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தோடு வழக்கு மூண்டபின், வேர்ட்பிரஸ்ஸை நிறுவியவர்களில் ஒருவரும் திட்டத்தின் தலைவருமான மேட் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இத்திட்டத்துக்குத் தரும் உழைப்பை வாரத்துக்குச் சுமார் 45 மணி நேரமாகச் சுருக்குவதாக ஜனவரியில் அறிவித்தது. மே இறுதியில் மீண்டும் திரும்பியது. நடுவில் வெளியீட்டு அட்டவணையே தள்ளாடியது. எழுதி வைத்த திட்டம் அப்படியேதான் இருந்தது; உழைக்கும் கைகள்தான் குறைந்தன.

மொழியை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு திறமூல மென்பொருளான டிரூபல் தன் எட்டாம் பதிப்புக்குத் திட்டமிட்டபோது பன்மொழியைத் தனி முனைப்பாக்கி, காபோர் ஹோய்ச்சி என்பவரைப் பொறுப்பாக்கியது. 2015 நவம்பரில் வெளியானபோது மொழிபெயர்ப்பு மையத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்த எட்டாம் பதிப்புக்கு மொத்தமாகக் கொடுத்த விலை பெரிது. ஏழாம் பதிப்புக்கு எழுதியவற்றை மாற்றி எழுத வேண்டியிருந்தது. பலர் ஏழிலேயே தங்கினார்கள். அதன் ஆயுளைத் தள்ளித் தள்ளி 2025 ஜனவரியில்தான் முடிக்க முடிந்தது. ஆக, மொழியை முன்னால் வைத்தால் மட்டும் போதாது. பழையதை உடைக்காமலும் வைக்கத் தெரிய வேண்டும்.

வேர்ட்பிரஸ்ஸின் வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. பக்கம் எந்தத் துண்டுகளால் ஆனது என்று உறுதியாகாமல் எதை மொழிபெயர்ப்பது? பெரிய பன்மொழி ஏற்பாடு நான்காவதாக வருவதை இதனால் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது, மொழி தொடர்பான எல்லாவற்றையும் அந்தக் கடைசிப் பையில் போட்டுக் கட்டிவைக்கும் மனப்பழக்கம். முகவரிக்கு 200 இடம் போதுமா என்பது பன்மொழி வசதி அல்ல. ஒற்றை மொழியில், தன் ஊர்ப்பெயரை முழுதாக எழுத முடிகிறதா என்ற கேள்வி. அதற்கு நான்காம் கட்டம் வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

ஆகவே திட்டமிடும் முறையில் சேர வேண்டியவை இரண்டு. எது முன்னால், எது பின்னால் என்பதற்கான விதி, நட்ட தேதியைப் போல யாரும் சரிபார்க்கக் கூடியதாக எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டின் சோதனையிலும் ஆங்கிலமல்லாத மொழிகளின் நீளமான தலைப்புகளும் உருபேற்ற சொற்களும் இருக்க வேண்டும். முதலாவது வேர்ட்பிரஸ்ஸை வழிநடத்துபவர்கள் செய்ய வேண்டியது. இரண்டாவதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனைப் பதிப்பு ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் திறந்துதான் வருகிறது. கரும்பைப் பதிவு செய்யாதவருக்கு வெட்டு உத்தரவு வராது. பதிவு செய்தவர்தான் வரிசையைக் கேள்வி கேட்க முடியும். அடுத்த சோதனைப் பதிப்பு வரும்போது தமிழர் ஒருவர் ‘மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை’ என்று தட்டச்சி, ‘சர்’ரோடு நின்றுபோவதைக் குறையாகப் பதிவு செய்யட்டும்.