நிறமும் இனமும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனை நாம் மெச்சுகிறோம். செங்காந்தள் அந்த நிரலில் முதலில் நிற்கிறது. ஆனால் அப்பெயர்களுக்கு வகுப்பில் வழங்கும் குறிப்புரை பெரும்பாலும் 'ஒருவகைச் செம்பூ', 'ஒருவகை வெண்பூ' என்ற அளவில் முடிந்துவிடுகிறது. கவிஞன் கண்ணால் இனம் பிரித்தான். அது அவன் உரிமை. உரை சொல்பவரும் அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை.

தெமோதரைச் சரிவில் துரை பங்களாவின் வேலியிற் காகிதப்பூச் சிவந்திருக்கும். லயத்து வாசலிற் செம்பருத்தி சிவந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. இரசாயனம் அவற்றைப் பிரித்துவிடுகிறது. செம்பருத்திக்கு நிறந்தருவது அந்தோசயனின். காகிதப்பூ, பீற்றூட், செங்கீரை, நாகதாளிப்பழம் ஆகியவற்றுக்கு நிறந்தருவது பீற்றலேன். இவ்விரண்டும் இயற்கையாக ஒரே செடியிற் சேர்ந்திருக்கக் கண்டவர் இல்லை. வகுப்பிலே சுண்ணாம்புத் தெளிநீர் விட்டுப் பார்த்தோம். செம்பருத்திச் சாறு பச்சையாயிற்று. பீற்றூட் சாறு மெல்ல மஞ்சளாயிற்று.

முள் நிறைந்த நாகதாளி கீரைக்கு உறவென்று தோற்றங்கண்டு யார் சொல்வார்? பழைய தாவர நூல்கள் பல அதன் குடும்பத்தைத் தனியே வைத்தன. 1960களில் மாப்ரி முதலியோர் இந்நிறப்பொருளைச் சான்றாக்கி இரண்டையும் ஒரே வரிசையிற் சேர்த்தனர். பிற்கால மரபணு ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. நிறத்தை அளவுக்குமேல் நம்பியவிடத்து அவர்களும் வழுவினர். அந்தோசயனின் உடைய கார்னேசன் குடும்பத்தை விலக்கி வைத்தனர். மரபணு அதனை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.

தேயிலையும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பன்று. 1958இல் ரொபேட்ஸ், வைட், வூட் ஆகிய மூவர், இலைச்சாற்றின் கூறுகளைத் தாளிற் பிரித்துக்காட்டி, தேயிலையையும் அதன் உறவுச் செடிகளையும் வகைப்படுத்தும் முயற்சியை வெளியிட்டனர்.

இனி நம்மவர் எழுத்துக்கு வருவோம். முற்போக்குக் கதைகளும் தப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்துப் பெண்ணின் கண்ணீரை உருகி எழுதுவோர், அவள் நிற்கும் மலையைப் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதிக் கடந்துவிடுகின்றனர். அது பங்களா விறாந்தையிலிருந்து பார்க்கும் பார்வை. நிரையில் நிற்பவளுக்குத் தெரியும், சில செடிகளின் தளிர் செந்நீலம் பாய்ந்தே துளிர்க்கிறது என்று, அதுவும் அந்தோசயனினே. தன் தாயின் மலையில் எந்தெந்தச் செடி அவ்வாறு சிவக்கும் என்பதை மாணவி ஒருத்தி கேட்டுவந்து நமக்குச் சொன்னாள். அதனை நாம் எந்தக் கதையிலும் படித்ததில்லை.