ரெண்டு சேலம், ரெண்டு டீம்

2016-ல் நடந்த முதல் டிஎன்பிஎல் கோப்பை யாருக்கு? டூட்டி பேட்ரியாட்ஸுக்கு. பேர்லயே ஊர் இருக்கு, தூத்துக்குடி. வாஷிங்டன் சுந்தர் ஆடிய அணி. இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் அடிச்சாங்க. மறு வருஷம் அதே கில்லீஸிடம் இறுதியில் தோத்தாங்க.

அந்த அணிதான் 2021-ல் சேலம் ஸ்பார்டன்ஸ் ஆச்சு. டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால், உரிமம்தான் ப்ரைமரி கீ. ஊர் வெறும் ஒரு காலம், எப்ப வேணா அப்டேட் பண்ணிக்கலாம். அந்தக் கணக்குப்படி 2016 கோப்பை இப்போ சேலத்துக்கு! சேலம் பேரில் ஆடிய முதல் சீசனோ, கொரோனாவால் முழுசும் சேப்பாக்கத்தில், ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. ஊர் மண்ணை மிதிக்காமலே ஒரு ஊர் அணி.

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கு, வர்ஜீனியா மாநிலத்தில். அங்கே சின்ன லீக் பேஸ்பால் அணி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கீழ் இருந்தப்போ பேர் பக்கனியர்ஸ். 1995-லேர்ந்து அவலாஞ்ச், அப்போ தாய் அணி முதலில் கொலராடோ, பிறகு ஹூஸ்டன். 2009-ல் பாஸ்டன் வந்ததும் ரெட் சாக்ஸ். தாய் அணி மாறும், சட்டை மாறும், பையன்கள் ரெண்டு வருஷத்தில் மேல் லீக்குக்குப் போயிடுவாங்க. ஆனா 'சேலம்' என்ற முன்பாதி அசையல. அதே ஊர், 1995-லேர்ந்து அதே மைதானம். அந்த ஊர் தாத்தாவும் பேரனும் வேற வேற பேர் சொல்லிக் கத்தியிருக்கலாம், கத்தினது ஒரே அணிக்குத்தான். நம்ம சேலத்தில் நடந்தது இதுக்கு நேர் தலைகீழ்.

அணி இடம் மாறுவது குற்றம்னு சொல்ல வரல. தூத்துக்குடிக்காரங்க கொண்டாடின கோப்பையை நம்ம கணக்கில் எழுதுவதுதான் உறுத்துது. நத்தம் பக்கம் என்பிஆர் கல்லூரி மைதானத்தை வைத்து ஆடும் திண்டுக்கல் டிராகன்ஸைப் பாருங்க. 2016-லேர்ந்து அதே பேர். 2024-ல் அஸ்வின் தலைமையில் கோப்பை வாங்கினப்போ எட்டு வருஷக் காத்திருப்பும் சேர்ந்தே வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. இங்கே ஓமலூர்லேர்ந்து தாரமங்கலம் தாண்டிப் போனால் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகி, 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூணு வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமான நடராஜனின் ஊர். 2016 டிஎன்பிஎல்லில் அவர் ஆடியது திண்டுக்கல்லுக்கு. அப்போ சேலத்துக்கு அணியே கிடையாது. அணி வந்த பிறகும், 2023-ல் அவர் திருச்சிக்கு. ஏலத்துக்கு மாவட்டம் தெரியாது.

சேலம் கிரிக்கெட்டில் உண்மையா வேர் விட்டதுன்னு நான் சொல்வது ரெண்டு மைதானங்களை. ஒண்ணு, 2020 பிப்ரவரியில் திறந்த வாழப்பாடி மைதானம். டிஎன்பிஎல் ஆட்டங்கள் இப்போ அங்கேயும் நடக்குது. இன்னொண்ணு, நடராஜன் சின்னப்பம்பட்டியில் கட்டி, 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தது. ஸ்பார்டன்ஸ் நாளைக்கு வேற ஊருக்குப் போனாலும் ரெண்டும் இங்கேயேதான் இருக்கும்.

டிஎன்பிஎல் சாதனைப் பட்டியலைத் தயாரிக்கிறவங்க 2016 வரிசையில் 'தூத்துக்குடி'ன்னே எழுதட்டும். சேலத்துக்கான கட்டம் இப்போதைக்குக் காலியாவே இருக்கட்டும்.