இரண்டு நீலங்கள்

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டைகளிலும் ரப்பர் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களிலும் வெண்மார்பு மீன்கொத்தி பழகிய முகம். பழுப்புத் தலை, சிவந்த அலகு. எழுந்து பறந்தால் முதுகிலும் சிறகிலும் பளீரென்று நீலம். அந்த இறகில் நீலச் சாயம் துளியும் இல்லை. இறகின் நுண்கட்டமைப்பு வெயிலைச் சிதறடித்து நீலத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

வெயில் மங்கி மறையும் ஆழ்கடலில் கைட்ஃபின் சுறா நீலத்தைத் தானே உண்டாக்குகிறது. நியூசிலாந்துக் கடலில் அதன் வயிறு ஒளிர்வதைப் படம்பிடித்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஏறக்குறைய 1.8 மீட்டர் வளரும் இதுதான் ஒளிரும் முதுகெலும்பிகளில் அறியப்பட்ட மிகப் பெரியது. விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் ஹார்மோன்கள். மேலிருந்து கசியும் மங்கல் வெளிச்சத்தோடு வயிற்றொளி கலந்துவிடுவதால், கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு நிழல் தெரியாது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மீன்கொத்தி இரவல் ஒளியில் மினுக்குகிறது. சுறா சொந்த ஒளியில் ஒளிந்துகொள்கிறது. கெட்டிக்காரத்தனத்தில் என் ஓட்டு சுறாவுக்கு; அழகில் மீன்கொத்திக்கே.