வயோலாவுக்குச் சரக்கு இல்லையா?

வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வயோலா கூட்டத்தில் நிற்கிற வாத்தியம். தனியாக மேடையேற்றினால் ஒரு மணி நேரம் தாங்காது. அதற்கென்று சொந்தச் சரக்கே கிடையாது. இசைக் கல்லூரி வட்டாரத்தில் இந்தப் பேச்சு ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். தந்தி வாத்தியம் என்றால் காவிரிக் கரை, விட்டால் சென்னை. தூத்துக்குடி, காயல்பட்டினம், சாகுபுரம் பக்கமெல்லாம் உப்பளமும் முத்துக்குளித்த பழங்கதையும் ரசாயன ஆலையும்தானே என்பார்கள். இரண்டும் தப்பு. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம்.

மணலி முதலியாரின் ஆதரவில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்ற பாலுசாமி தீட்சிதர், அந்த வாத்தியத்தோடு ஆஸ்தான வித்வானாக வந்து அமர்ந்த ஊர் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் கண்மூடியது அங்கே. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் அச்சேறியதும் அங்கேதான். எட்டயபுரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும். இந்தப் பக்கத்து இசைவாணர்களான விளாத்திகுளம் சுவாமிகளையும் காருகுறிச்சியாரையும் சாட்சிக்கு இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி வரலாறு. 1834இல் சுவாதித் திருநாள் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அதே ஆண்டில் பாரீசில் பெர்லியோஸ் வயோலாவை முன்னிறுத்தி ‘இத்தாலியில் ஹெரால்டு’ எழுதினார். எழுதச் சொன்ன பாகனினி, வாத்தியம் சும்மா இருக்கும் இடம் அதிகம் என்று வாசிக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்துக் கேட்டுவிட்டு உருகிப்போய் இருபதாயிரம் பிராங்க் அனுப்பிவைத்தார். இங்கே திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம், பிறகு லால்குடி, டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று பக்கவாத்தியம் தனிவாத்தியமான கதையைப் பலரும் எழுதியாகிவிட்டது.

யாரும் எழுதாத ஒன்று உண்டு. இத்தனை காலமும் நம்மவர்கள் வயலினுக்குள் தேடிக்கொண்டிருந்தது வயோலாவைத்தான். ஒலிபெருக்கி இல்லாத சபைகளில் கேட்க வேண்டும் என்று சௌடையா தந்திகளை ஏழாக்கினார். எல்.சங்கர் 1980இல் இரட்டைக் கழுத்து வயலின் செய்வித்து, வயோலா, செல்லோ, பாஸ் வரைக்கும் கீழே இறங்கினார். மற்றவர்கள் பிரடையைத் திருகித் தந்தியைத் தளர்த்தினார்கள். ஒரு கட்டைச் சுருதியில் (C) பாடும் வித்வானுக்கு ச-ப-ச-ப கூட்டுகிறவர் வயலினின் நான்கு தந்தியையும் வெகுவாக இறக்கியாக வேண்டும். வயோலாவிலோ கீழ்த்தந்தி இரண்டும் பிறவியிலேயே ஒரு கட்டைக்கு ச, ப. மேலே இரண்டை ஒரு முழுச் சுரம் இறக்கினால் வேலை முடிந்தது. சென்னைக் கச்சேரி மேடைகளில் ஆண் குரல்களுக்கு அமைந்த சுருதி, இந்த வாத்தியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைக் கழற்றி வைத்துவிட்டு இருநூறு வருடமாகத் தளர்ந்த தந்தியோடு மல்லுக்கட்டுகிறோம்.

வாசிப்பதில் சிரமம் இல்லாமல் இல்லை. சம்மணமிட்டு, சுருள் தலையை வலது கணுக்காலில் சாய்த்து உட்கார்ந்தால், வயோலாவின் உடல் நீளம் கூடியதால் பாதத்தை இன்னும் தள்ளி வைக்க வேண்டும். முதல் மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கீழ் சட்ஜத் தந்தி உடனே பேசாது. வில்லை அழுத்தாமல் கனமாக இழுத்தால் மட்டும் வாய் திறக்கும். துரிதகால ஸ்வரங்களுக்கு இது உதவாது என்று சொல்வது இதனால்தான். சரி, உதவாது. ஆனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் விரல் கடக்கிற தூரம் கூடியிருப்பதால் தோடியின் காந்தாரம் அசைய இடம் கிடைக்கிறது. சகானாவையும் நாயகியையும் விளம்பத்தில் ஒருமுறை வயோலாவில் கேட்டவர்கள், கீச்சென்ற மேல் ஸ்தாயி வயலினைத் திரும்பக் கேட்க நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

இதைக் கண்டுகொண்டவர் பாலமுரளிகிருஷ்ணா. 2016இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் எழுபத்திரண்டு மேளகர்த்தாவிலும் பாடல் செய்தது வந்தது, புதிய ராகங்கள் வந்தன, சினிமாப் பாட்டு வந்தது, சர்ச்சைகள் வந்தன. வயோலா ஒரு வரியில், ‘வாசிக்கவும் செய்வார்’ என்று கஞ்சிராவோடு சேர்ந்து வந்தது. அநியாயம். அவர் வயோலாவைத் தனிக் கச்சேரி வாத்தியமாக மேடையில் வைத்தார், பதிவுகளும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள். வில்லை மாற்றும் இடமே தெரியாது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் வில் திரும்பும். தன் குரலின் கீழ் ஸ்தாயியை அப்படியே மரத்தில் ஏற்றிவிட்டார். அவர் குரலுக்குச் சீடர்கள் திரண்டார்கள். வயோலாவுக்கு அப்படி ஒரு வரிசை உருவாகவில்லை. என் கணக்கில், கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் கர்நாடக இசை கைநழுவவிட்ட பெரிய வாய்ப்பு இது.

அதே காலத்தில் வயோலா கோடம்பாக்கத்தில் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தது. இளையராஜாவின் தந்திக் குழுவில் நடுக்குரலை நிரப்பிய அந்த வரிசைகள் அருமையானவை. மறுப்பவன் நான் இல்லை. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’டில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்குக் கீழே ஓடும் குரல்களைக் கவனித்தால் புரியும். அவரே பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் அமைத்துக் கீர்த்தனைகளை நான்கு குரலாக்கினார். நேர்த்தியான முயற்சி. ஆனாலும் வயோலா நடுவில்தான் நின்றது. பிறகு கீபோர்டு வந்தது. மாதிரி ஒலிகள் தந்திக் குழுக்களைக் கலைத்துவிட்டன. இன்று ‘ஃபியூஷன்’ என்ற பெயரில் தாளக் கருவிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் அழவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

சரக்கு இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு வயோலா மாணவர் தனியாக ஒரு கச்சேரி கொடுத்துத்தான் பட்டம் வாங்குவது வழக்கம். அங்கே அவர்கள் வாசிப்பதில் பாதி இரவல்: பாஹ் செல்லோவுக்கு எழுதிய தொகுப்புகள், பிராம்ஸ் 1894இல் கிளாரினெட்டுக்காக எழுதிய இரண்டு சொனாட்டாக்கள். ரெபெக்கா கிளார்க், ஹிண்டமித், 1975இல் ஷோஸ்டகோவிச்சின் கடைசிப் படைப்பு என்று சொந்தமானவை மெல்ல மெல்லச் சேர்ந்தன. நமக்கு இந்தக் கவலையே வேண்டாம். நம் ஊரில் வீணையும் குழலும் வயலினும் வாசிப்பது பாட்டைத்தான். (நாகசுரத்துக்கு மல்லாரி இருக்கிறது, அது வேறு விஷயம்.) ஒரு வர்ணம், ஒரு தீட்சிதர் கிருதி, ஒரு தோடி, ஒரு பல்லவி. இதில் எது வயோலாவுக்குச் சொந்தமில்லை? சங்கீத மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு சரக்கு இல்லை என்று சொல்பவர், தான் படித்த பாடத்தையே மறந்தவர்.

ஆகவே, நம் இசைப் பல்கலைக்கழகத்தில் வயலின் மாணவர்கள் விரும்பினால் இறுதித் தேர்வுக் கச்சேரியை வயோலாவில் வாசிக்க அனுமதிக்க வேண்டும். இதற்குத் தனித் துறையோ புதுப் பாடத்திட்டமோ தேவையில்லை. தூத்துக்குடி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், மிருதங்கத்தோடு வயலினும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கிறது. அந்த வகுப்புக்கு இரண்டு வயோலா வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடற்கரை நெடுக ஆலைகள் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் சமூகப் பொறுப்பு நிதியில் மரக்கன்றும் பெஞ்சும் கொடுக்கிறார்கள். ஒரு வருடம் வாத்தியம் கொடுக்கலாம். உப்புக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருவேறும் என்பதால், மாற்றுத் தந்திக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.