சிடியை உடைத்தால் தகவல் அழிந்துவிடுமா?

பழைய சிடியை ஒழித்துவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கண்ணாடிபோல் மின்னும் அடிப்பக்கத்தைத் திருப்பி, ஆணியாலோ கத்தரி முனையாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டுக் குப்பையில் போடுவார்கள். பார்வைக்கு அந்த வட்டு பாழாகிவிட்டது. ஆனால் அதில் பதிந்த தகவலில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. வீடுகளில் கையாளப்படும் முறைகளில் மிகப் பரவலானது இதுதான். மிகப் பலவீனமானதும் இதுதான்.

காரணம் சிடி செய்யப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதன் கனம் 1.2 மி.மீ. ஏறக்குறைய அவ்வளவும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். தகவல் இருப்பது அதன் மேல்முகத்தில், அதாவது நாம் மார்க்கரால் பெயர் எழுதும் பக்கத்தில். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் பதிவு செய்கிற சிடி-ஆர் வட்டில் அந்த இடத்தில் ஒரு சாயப் பூச்சும், அதன்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலமும், அதைக் காக்கச் சில மைக்ரான் மட்டுமே உள்ள அரக்குப் பூச்சும் இருக்கின்றன. லேசர் கதிர் கீழிருந்து வட்டுக்குள் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மி.மீ. அகலம் கொண்டது. பிளாஸ்டிக்கைக் கடந்து தகவல் அடுக்கைத் தொடும் இடத்தில்தான் அது குவிந்து நுண்புள்ளியாகிறது. அதனால் அடிமுகத்துத் தூசியும் கீறலும் கதிருக்குப் பெரிய தடையல்ல. 1982இல் பிலிப்ஸும் சோனியும் சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே புழக்கத்தில் கீறல் விழும் என்று எதிர்பார்த்துப் பிழைதிருத்தும் கணக்கையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். தகவல் சுருளாக ஓடும் தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்குத் தொடர்ந்து தகவல் காணாமற்போனாலும், மிச்சமிருப்பதைக் கொண்டு அந்தக் கணக்கு இழந்ததை மீட்டுவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் நூலளவு இடத்தைத்தான் தொடுகிறது என்பதால் அது சுலபமாகச் சரியாகிவிடுகிறது. தடத்தின் போக்கிலேயே வட்டமாக விழுந்த கீறல்தான் சிக்கல். அதையும் மெருகேற்றித் தேய்த்தால் பல சமயம் ஓட வைத்துவிடலாம். டூத்பேஸ்ட் தடவித் தேய்த்துப் படம் பார்த்த வீடுகள் நம் ஊரில் எத்தனையோ.

எந்த வட்டுக்கு இந்தக் கவலை வேண்டும்? கடையில் வாங்கிய திரைப்பட, பக்திப்பாடல் வட்டுகளில் நம்மைப் பற்றி எதுவுமில்லை. அவற்றை அழிக்க மெனக்கெட வேண்டியதில்லை. கல்யாண வீடியோ, ஆடிட்டர் கொடுத்த டேலி பேக்கப், பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் ஸ்கேன் செய்து வைத்த வட்டு, கல்லூரி புராஜெக்ட் ஆகியவை வேறு வகை. எல்லாவற்றுக்கும் மேலாக நான் கவலைப்படுவது சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எடுத்த மையங்கள் உறையில் போட்டுக் கொடுக்கும் வட்டுகளைப் பற்றி. அந்தப் படங்கள் டைகாம் என்ற மருத்துவ வடிவத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு படக் கோப்பின் தொடக்கத்திலும் நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி, அனுப்பிய மருத்துவர் பெயர் என்று விவரங்களுக்கு இடம் உண்டு. பெரும்பாலும் கடவுச்சொல் இருக்காது. படத்தைத் திறந்து காட்டும் மென்பொருளும் அதே வட்டில் சேர்ந்தே வரும். ஒருவருடைய உடம்பின் உள்விவரம் இதைவிடத் திறந்தபடி வேறு எதிலும் கிடப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மையங்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடமைகளை வகுக்கிறது. ஆனால் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு அது பொருந்தாது. உறை வீட்டுக்குள் வந்த பிறகு பொறுப்பு வீட்டாருடையதே.

தகவல் பெயர் எழுதும் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் சிடியை அழிப்பது வியக்கத்தக்க அளவு சுலபமாகிவிடுகிறது. கத்தி முனையால் அந்தப் பக்கத்தில் சில கோடுகள் கிழித்து, அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தால் பல சிடி-ஆர் வட்டுகளில் உலோகப் படலம் பாளம் பாளமாக டேப்போடு வந்துவிடும். வராத இடத்தை நனைத்த உப்புத்தாளாலோ பாத்திரம் தேய்க்கும் கம்பி நாராலோ தேய்த்து எடுக்கலாம். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. கடைசியில் கையில் மிஞ்சுவது மறுபுறம் தெரிகிற வெறும் பிளாஸ்டிக் தகடு. இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சமே அதுதான்: வேலை முடிந்ததா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கூரான சில்லு இல்லை, புகை இல்லை, கருவிச் செலவும் இல்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி தன் 800-88 வழிகாட்டியின் 2014 பதிப்பில் சிடிக்குச் சொன்ன வழிகளிலும் தகவல் அடுக்கை இயந்திரத்தால் அரைத்து எடுப்பது இருந்தது. வீட்டில் டேப்பும் உப்புத்தாளும் செய்வது அதே வேலையின் எளிய வடிவம்.

அதே பதிப்பு இந்த முறை டிவிடிக்கும் புளூ-ரேக்கும் ஆகாது என்றும் சொன்னது. வீட்டில் இதைக் கைக்கொள்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுவே. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. தகவல் நட்டநடுவில் இருக்கிறது. மேலே தேய்த்தாலும் கீழே தேய்த்தாலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக்தான் தேயும். மேல்பக்கத்து அச்சு முழுக்கப் போன டிவிடி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். சிடிக்குச் செய்ததையே இதற்கும் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் ஏமாந்துபோகிறார். டிவிடியை விளிம்பில் மெல்லிய கத்தி நுழைத்து இரண்டு தகடாகப் பிளக்க வேண்டும். பிளந்ததுமே அது எந்த டிரைவிலும் ஓடாது. உலோகப் படலம் ஒரு பாதியிலோ இரண்டிலுமோ ஒட்டியிருக்கும். வெளியே தெரியும் அந்த முகத்தைத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. கத்தி நழுவினால் உள்ளங்கை கிழியும் என்பது இதன் பெருங்குறை. தடித்த கையுறை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் கூடாது. புளூ-ரேயில் எல்லாம் தலைகீழ். அங்கே தகவல் அடிமுகத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருந்தாலும் கரடான உப்புத்தாள் அதைக் கடந்துவிடும். சிடிக்குப் பயனற்ற அடிப்பக்கத் தாக்குதல் இதற்குச் சரியானது.

உடைப்பதையும் வெட்டுவதையும் எடுத்துக்கொள்வோம். இம்முறைகளைக் குறைத்துப் பேசுவது தொழில்முறையாளர்களின் வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜெர்மனியின் டிஐஎன் 66399 தரம் ஒளிவட்டுகளை அழிப்பதற்கு ஏழு படிகளை வகுத்திருக்கிறது. முதல் படியில் ஒரு துண்டு 2,000 சதுர மி.மீ.க்கு மிகக் கூடாது. மூன்றாம் படியில் 160. நான்காம் படியில் 30. சிடியின் மொத்தப் பரப்பு சுமார் 11,100 சதுர மி.மீ. நான்காக வெட்டினால் துண்டு ஒன்று 2,780 வரும். கீழ்ப்படியைக்கூட அது எட்டவில்லை. மூன்றாம் படிக்கு ஏறக்குறைய 70 துண்டுகள் வேண்டும், நான்காம் படிக்கு 370. சிடி நுழைக்கத் தனி வாய் உள்ள வீட்டுக் காகித ஷ்ரெடர்கள் பலவும் வட்டை மூன்று நான்கு பட்டைகளாகத்தான் பிளக்கின்றன. தரநூலை மட்டும் பார்த்தால் இவை எல்லாமே தோல்வி.

ஆனால் தகவல் வட்டில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 80 நிமிட சிடியின் தடத்தை நீட்டினால் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் வரும். அது உள்ளிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. இரண்டு கிலோபைட் தகவலுக்குத் தடத்தில் சுமார் 16 மி.மீ. தேவை. சிடி ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம், சுருக்கப்படாத நிலையில், அரை மெகாபைட். அப்படியானால் அது நாலு மீட்டருக்கு மேல் நீண்டு, வட்டின் நடுப்பகுதியில் பதினாறு சுற்று சுற்றிக் கிடக்கிறது. மையத்திலிருந்து விளிம்புக்கு வெட்டிய எந்தத் துண்டிலும் அந்தப் படம் முழுதாக இருக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலிருந்தும் ஒரு கீற்று மட்டுமே இருக்கும். வெட்டுகிறவர் ஆரம்போல் மையத்திலிருந்து விளிம்புக்கு வெட்டினால் எல்லாக் கோப்புகளும் ஒரே நேரத்தில் சிதறுகின்றன. விளிம்போரம் மட்டும் நறுக்கி எறிந்தால் உட்சுற்றுகளில் உள்ள கோப்புகள் முழுதாகத் தப்பிவிடும். சிடி உள்ளிருந்தே நிரம்பத் தொடங்குவதால், பாதி நிறைந்த வட்டின் விளிம்பில் எதுவுமே பதிந்திருக்காது. துளைபோடுவதிலும் இதே கதைதான்: துளை விழாத இடமெல்லாம் மிச்சம்.

துண்டுகளிலிருந்து எழுத்தைப் படிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் பெயர் இருக்கும் தலைப்பகுதி சின்னது, ஒரு துண்டுக்குள் அது அடங்கிவிடலாம். ஆனால் அதைப் படிக்க நுண்ணோக்கியும் ஆய்வகமும் பொறுமையும் வேண்டும். குப்பைமேட்டில் கிடைத்த வட்டைப் பழைய கணினியில் போட்டுப் பார்க்கும் ஒருவரால் அது ஆகாது. வீட்டுக்காரர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியது இப்படிப்பட்டவரிடமிருந்துதான். முழு வட்டாக டிரைவுக்குள் நுழையக்கூடியதா, இல்லையா என்பதே வீட்டைப் பொறுத்தவரை எல்லைக்கோடு. கீறிய வட்டு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்தில் நிற்கிறது. இரண்டாக உடைத்தது அந்தப் பக்கம் போய்விட்டது. அரை மில்லிமீட்டர் தூளாக்கச் சொல்லும் அரசுத் தரங்களைக் காட்டிக் குடும்பங்களை மிரட்டுவது தேவையற்றது. பரிகாரம் எட்டாத உயரத்தில் இருந்தால் மனிதர்கள் எதையும் செய்யாமல் அப்படியே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

உடைப்பதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாலிகார்பனேட் வளைந்து வளைந்து, திடீரென்று வெடித்துச் சிதறும். சில்லுகள் கண்ணுக்குப் பாயும். சுடுநீரில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகும் என்ற யோசனை உதவாது. இந்தப் பிளாஸ்டிக் இளக 150 டிகிரி அளவு வெப்பம் வேண்டும், கொதிநீர் 100 டிகிரி மட்டுமே. பழைய தலையணை உறைக்குள் போட்டு, துணியோடு சேர்த்து மடித்து உடைப்பதே பாதுகாப்பு. உடைத்த பிறகு? கறுப்புக் கவரில் மற்றக் குப்பையோடு போட்டால் அதைப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் கையுறையும் இல்லாமல், கையை விட்டுத்தான் பிரிக்கிறார். நம் தகவலைக் காப்பதற்காக அவர் விரலைக் கிழிக்கும் முறை எவ்வளவு சுலபமாக இருந்தாலும் எனக்கு ஏற்புடையதல்ல. தடித்த காகிதத்தில் பல சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே எழுதி, கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பில் சில விநாடி வைக்கும் முறை பார்க்க அழகானது: உலோகப் படலத்தில் பொறி பறந்து மரக்கிளைகள்போல வெடிப்புக் கோடுகள் விழும். வட்டு ஓடாமல் போவது உண்மைதான். ஆனால் சோறு சூடாக்கும் பெட்டிக்குள் பிளாஸ்டிக் புகையை ஏற்றி, அடுப்பையும் கெடுத்து, தீப்பிடிக்கும் அபாயத்தையும் ஏற்பதற்கு ஈடாக இதில் எதுவும் கிடைப்பதில்லை. கோடுகளுக்கு இடையே உள்ள தீவுகளில் பதிவும் மிஞ்சியிருக்கும். எரிப்பது இன்னும் மோசம். போகிக்குப் பழையதைக் கொளுத்தும் வழக்கத்தில் இந்த வட்டுகளும் சேர்ந்துவிடுகின்றன. திறந்த வெளியில் எரியும் பாலிகார்பனேட் கார்பன் மோனாக்சைடையும் ஃபீனால் வகை நச்சுப் புகையையும் விடும்; பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதையே சுவாசிக்கும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடைசெய்து, 5,000 ரூபாய் அபராதமும் விதித்திருக்கிறது. கழிப்பறை ஆசிட்டில் போடுவதும் வீண் ஆபத்து. அது அலுமினியத்தை அரிக்கும், ஆனால் பதிவு வட்டுகள் பலவற்றில் உள்ள வெள்ளிப் படலத்தை ஒன்றும் செய்யாது.

மாடித்தோட்டத்திலும் வயலிலும் பறவை விரட்டக் கட்டித் தொங்கவிடும் வட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருளை வீணாக்காத நல்ல பழக்கம் அது. வெயில் பட்டால் பதிவு வட்டின் சாயம் நாளடைவில் கெடும் என்பதும் மெய். எப்போது கெட்டது என்பது மட்டும் வெளியே தெரியாது. கெடும்வரை அது தெருவில் யார் கைக்கும் எட்டும் ஸ்கேன் அறிக்கை. மேல்படலத்தை உரித்துவிட்டால் மினுக்கமும் போய்விடும். எனவே தோட்டத்துக்குத் திரைப்பட வட்டுகளே உகந்தவை.

மறுபதிவு செய்யக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகளுக்குக் கணினியே ஒரு வழி தருகிறது. விரைவு அழிப்பு பொருளடக்கத்தை மட்டும் நீக்குகிறது, உள்ளடக்கம் தங்கிவிடும். முழு அழிப்பைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். எந்த முறையானாலும், அழித்த வட்டு ஓடுகிறதா என்று டிரைவில் போட்டுச் சோதிக்கக் கூடாது. வேகமான டிரைவுகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுவரை சுழற்றும். விரிசல் கண்ட வட்டு உள்ளேயே வெடிக்கும்.

சோதிப்பது என்றால் அழிப்பதற்கு முன்பு. பழைய ஸ்கேனைப் புதிய ஸ்கேனோடு ஒப்பிடுவதற்கு மருத்துவர் கேட்கலாம். கல்யாண வட்டில் இன்று உயிரோடு இல்லாத ஒருவரின் குரல் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். டிரைவ் உள்ள கணினி கிடைப்பதே அரிதாகி வரும் இந்தக் காலத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே பெட்டிபெட்டியாக ஒழிக்கிறார்கள். ஒரு வட்டைப் பார்த்து, வேண்டியதை வேறிடத்தில் எடுத்து வைத்து, பிறகு மேல்படலத்தை உரிக்க அரை மணி நேரம் போதும். உரித்த டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போடலாம். மிஞ்சிய தகட்டை உலர் கழிவோடு கொடுத்துவிடலாம்.