கையறுநிலையும் 88ஆம் சங்கீதமும்

அண்ணன் இறந்த ஏழாம் நாள் ஜெபக்கூட்டத்தில் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கலாமா என்று கேட்டேன். 'அதெல்லாம் துக்க வீட்டுல வாசிக்கிறதில்ல தம்பி' என்றார் சபை மூப்பர். 23ஐ வாசித்தார்கள். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மறுப்பு ஒரு வாசிப்பு அரசியல்.

நம் சபைகளில் சந்தேகத்துக்கு இடம் உண்டு, சாட்சி சொல்லும்போது மட்டும். 'அப்போ தளர்ந்துபோனேன், கர்த்தர் தூக்கிவிட்டார்' என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட வேண்டும். நிகழ்காலச் சந்தேகத்துக்கு அந்தக் கதையாடலில் இடமே கிடையாது.

சங்கீதப் புத்தகம் இவ்வளவு கறாரானதல்ல. அதன் 150 பாடல்களில் புலம்பல்கள் கணிசமானவை. அவற்றில் பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடுகின்றன. சிலுவையில் இயேசு கதறிய சொற்களோடு தொடங்கும் 22கூடத் துதியில்தான் முடிகிறது. 88 திரும்புவதில்லை. இருளில் தொலைந்த நண்பர்களோடு அப்படியே நின்றுவிடுகிறது.

தமிழ் படித்தவனுக்கு இங்கே கையறுநிலை நினைவுக்கு வரும். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் முல்லையிடம் கேட்கிறார் (புறநானூறு 242). இனிச் சாத்தனிடம் கேட்க முடியாது. 88இன் புலவனோ தன்னைக் கைவிட்டவரிடமே பேசுகிறான். குழியில் தள்ளியது நீர், நண்பர்களைப் பிரித்தது நீர் என்று குற்றம் சாட்டுகிறான். ஆறுதல் என்று உள்ளடக்கத்தில் ஏதுமில்லை. முன்னிலை மட்டும் கடைசிவரை படர்க்கையாக மாறவில்லை. இந்தப் பிரதியில் விசுவாசம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த 'நீர்'தான்.

கேட்காத முல்லையையும்தான் விளிக்கிறோம், விளிப்பதாலேயே கேட்பவர் இருக்கிறார் என்றாகிவிடுமா? ஆகாது. பிரதி அதை நிரூபிக்கவில்லை. ஆனால் பதில் வராத இந்தக் குரலை ஒரு சமூகம் வெட்டி எறியவில்லை, ஒரு துதி வரியை ஒட்டவைத்துச் சரிசெய்யவுமில்லை. இராகத் தலைவனுக்கு என்று தலைப்பிட்டுத் தன் வழிபாட்டுப் பாடல்களோடு வைத்துக்கொண்டது. தனியொருவனின் இருளைச் சபை கூடிப் பாட வேண்டும் என்பதுதானே இதன் பொருள்?

என் சந்தேகம் தீர்ந்தது என்று எழுதினால் நானும் சாட்சி சொன்னவனாகிவிடுவேன். தீரவில்லை. ஜெபம் வராத மாதங்களில் சண்டை போடவாவது 'நீர்' என்ற சொல் மிச்சமிருந்தது. நம்பிக்கை என்று இப்போதைக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். மூப்பரிடம் திரும்பவும் கேட்க வேண்டும்: துக்க வீட்டில் வாசிக்காமல் இதை வேறெங்கே வாசிப்பது?